அம்மாவின் நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள்

(வீட்டில் இருந்தபடியே தொழில் செய்யும் தாய்மார்களைப் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கேக் செய்து விற்கும் ஒரு தாய் ஆற்றிய உரையும், அதைத் தொடர்ந்து நடந்த கேள்வி பதில் அங்கமும் வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகின்றன.)



'வீட்டுத் தொழிலும் தாயின் உடல்நலமும்' என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மருத்துவர் அல்ல. உடற்பயிற்சி ஆசிரியையும் அல்ல. கிள்ளானில் ஒரு தாமானில் குடியிருக்கும் சாதாரண இல்லத்தரசி. மகனுக்கு 5 வயது, மகளுக்கு 3 வயது. வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன்.

அதற்கு முன் ஏழு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும், இரண்டு பிள்ளைகளுக்கும் பராமரிப்பு மையத்தில் கட்ட வேண்டிய பணத்தைக் கூட்டிப் பார்த்தேன். என் சம்பளத்தில் மிஞ்சுவது பெட்ரோல் காசு மட்டும்தான் என்று தெரிந்தது. வேலையை விட்டேன். பக்கத்து வீட்டு அக்காவின் பேரனுக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுத்தேன். அந்தப் படத்தைப் பார்த்து நான்கு பேர் கேட்டார்கள். நான்கு நாற்பதாயிற்று. இன்று தீபாவளிக் காலத்தில் வீடே பிஸ்கட் டின்களாக நிறைந்துவிடும்.

கேட்பவர்கள் என்ன சொல்வார்கள்? "உனக்கென்னம்மா, வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கிறாய், பிள்ளைகளையும் பார்த்துக் கொள்கிறாய்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு மிஸ்ஸி என்னிடம் ஒரு கேள்வி கேட்கும் வரை.

மிஸ்ஸி கேட்ட கேள்வி

மகளைச் சுமந்தபோது எனக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. நம் பேச்சு வழக்கில் சொன்னால் இனிப்பு நீர். குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்து வெறும் வயிற்றில் வந்து, குளுக்கோஸ் நீர் குடித்து, மறுபடியும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் யார் காத்திருப்பது? குழந்தை பிறந்துவிட்டது, நோயும் போய்விட்டது என்று நினைத்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறு எதற்கோ கிளினிக்குப் போன இடத்தில் இரத்தம் எடுத்தார்கள். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருக்கிறேன் என்றார்கள். மிஸ்ஸி அட்டையைப் பார்த்துக்கொண்டே, "வாரத்தில் எத்தனை நிமிடம் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "நாள் முழுக்க நின்றுகொண்டேதான் இருக்கிறேன் மிஸ்ஸி. உட்கார நேரமில்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நிற்பது வேறு, உடற்பயிற்சி வேறு. நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள், ஆனால் உடலை அசைக்கவில்லை" என்றார்.

என் கேக்கைச் சாப்பிட்ட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செய்த எனக்குத்தான் ஆகியிருக்கிறது. ஏன் என்று யோசித்தேன்.

பிரசவத்தோடு போய்விடுவதில்லை

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் சில சுரப்பு நீர்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். சில பெண்களுக்கு அவ்வளவு சுரக்க முடிவதில்லை. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் சர்க்கரை அளவு பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் கணையத்தின் பலம் எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துவிட்டது அல்லவா? பிஎம்ஜே மருத்துவ இதழில் 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு என்று கண்டது.

நம் சமுதாயத்துக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. நம் சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஆய்வில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ள பெரியவர்கள் 54.4 விழுக்காடு.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தடுக்க வழி இருக்கிறது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வது, உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது. இந்த இரண்டும்தான் இலக்கு. அந்த வழியில் சென்றவர்களுக்கு நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது.

150 நிமிடம் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன்? அதுதான் என் பிரச்சினை. உங்களில் பலருக்கும் அதுதான் பிரச்சினை.

கணக்குப் புத்தகத்தில் விட்டுப்போன வரி

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு என் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு கிலோ பிறந்தநாள் கேக்கை 75 வெள்ளிக்கு விற்றுக் கொண்டிருந்தேன். வெண்ணெய், சீனி, மாவு, முட்டை, அலங்காரப் பொருள் எல்லாம் சேர்த்து 38 வெள்ளி. பெட்டியும் பலகையும் 5 வெள்ளி. மின்சாரம் 2 வெள்ளி. ஆக மொத்தச் செலவு 45. இலாபம் 30 வெள்ளி என்று அழகாக எழுதி வைத்திருந்தேன்.

அந்த 30 வெள்ளிக்கு எத்தனை மணி நேரம் உழைத்தேன் என்பதை எங்கேயும் எழுதவில்லை. ஏழு ஆண்டு கணக்கு எழுதியவள் நான்! பொருள் வாங்கி எடுத்து வைக்க அரை மணி. கலவை அடித்து வேக வைக்க ஒன்றரை மணி. கிரீம் அடித்து, பூசி, பூ வைத்து முடிக்க இரண்டு மணி. பாத்திரம் கழுவ முக்கால் மணி. வாடிக்கையாளருக்குப் பதில் எழுத கால் மணி. மொத்தம் ஐந்து மணி நேரம். 30 வெள்ளியை ஐந்தால் வகுத்தால் மணிக்கு 6 வெள்ளி.

2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 17 காசு. அதாவது, என் வீட்டில் நானே முதலாளி, ஆனால் என்னிடம் வேலை பார்க்கும் தொழிலாளிக்குச் சட்டம் சொல்லும் சம்பளத்தைக்கூட நான் கொடுக்கவில்லை.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு கேக் செய்தேன். முப்பது மணி நேர உழைப்பு, 180 வெள்ளி வருமானம். அதே கேக்கை 90 வெள்ளிக்கு விற்றால் ஒன்றுக்கு 45 வெள்ளி கிடைக்கும். நான்கு கேக் போதும், அதே 180 வெள்ளி. உழைப்பு இருபது மணி நேரம். பத்து மணி நேரம் மிச்சம்!

விலையை ஏற்றியதும் இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். மனம் கஷ்டப்பட்டது உண்மைதான். ஆனால் மற்றவர்கள் இருந்தார்கள். மிச்சமான பத்து மணி நேரத்தில் எனக்கு வேண்டியது இரண்டரை மணி நேரம்தான். மீதம் பிள்ளைகளுக்கும் தூக்கத்துக்கும்.

நான் சொல்ல வந்த செய்தியே இதுதான். நமக்கு மனவுறுதி இல்லாததால் உடற்பயிற்சி செய்யாமல் இருக்கவில்லை. நம் நேரத்துக்கு விலை இல்லை என்று நாமே முடிவு செய்துவிட்டதால்தான் செய்யாமல் இருக்கிறோம்.

ஓவனில் கேக் வேகும் நேரம்

அடுத்து, அந்த 150 நிமிடத்தை எப்படிச் சேர்ப்பது என்று பார்ப்போம்.

உடற்பயிற்சி என்றால் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் வராது என்று முன்பு சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. சிறுகச் சிறுகச் செய்தாலும் எல்லாம் கூடும். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது அந்த வழிகாட்டி.

மிதமானது என்றால் எப்படித் தெரிந்து கொள்வது? எளிய சோதனை ஒன்று உண்டு. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. கிரீம் அடித்துக்கொண்டே நான் பாட்டுப் பாடுவேன். அப்படியென்றால் அது உடற்பயிற்சி அல்ல. வேகமாக நடக்கும்போது பாட முடியாது, மூச்சு வாங்கும். அதுதான் கணக்கு.

ஒரு கிலோ பட்டர் கேக் வேக ஐம்பது நிமிடத்துக்குமேல் ஆகும். முன்பு அந்த நேரத்தில் திறன்பேசியைப் பார்த்துக்கொண்டு, வெட்டி எடுத்த கேக் துண்டைத் தின்றுகொண்டிருப்பேன். இப்போது அந்த நேரத்தில் 15 நிமிடம் என்னுடையது. ஓவனை எரியவிட்டு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அதனால் கூடத்திலேயே செய்வேன். நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி வேக நடை. வாசற்படியில் ஏறி இறங்குதல். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது பத்து முறை. மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது பதினைந்து முறை. கையில் எடை வேண்டுமா? ஒரு கிலோ மாவுப் பொட்டலம் இரண்டு போதும்.

வாரத்தில் நான்கு கேக். நான்கு முறை பதினைந்து நிமிடம் என்றால் 60 நிமிடம். மீதம் 90 நிமிடத்துக்கு வாரத்தில் மூன்று நாள் இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் வேக நடை. சாப்பிட்ட பிறகு நடப்பதில் கூடுதல் பலன் உண்டு. தசைகள் இயங்கும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அவையே எடுத்துக் கொள்கின்றன. இன்சுலினுக்கு வேலை குறைகிறது. எங்கள் தாமானில் தெருநாய்த் தொல்லை உண்டு. மழை நாளும் உண்டு. அந்த நாள்களில் கார் நிறுத்துமிடத்திலேயே நடந்துவிடுவேன்.

பிரசவமாகிச் சில மாதமே ஆன சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குதிப்பது, படுத்த நிலையில் வயிற்றை மடக்கி எழுவது போன்ற பயிற்சிகளில் அவசரப்படாதீர்கள். கர்ப்பத்தில் நடுவயிற்றுத் தசைகள் இரு பக்கமாக விலகியிருக்கும். இடுப்புத் தளத் தசைகளும் தளர்ந்திருக்கும். தும்மினால் சிறுநீர் கசிவது அதன் அறிகுறி. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயம் அல்ல இது. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சியை முதலில் செய்யுங்கள். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 25 கிலோ மாவு மூட்டையை நீங்களே தூக்காதீர்கள்.

ருசி பார்க்கும் கரண்டி

இனி, சமையலறையில் என்னைக் கெடுத்தது எது என்று சொல்கிறேன். ருசி பார்க்கும் கரண்டி!

பட்டர் கிரீம் என்பது ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு ஐசிங் சீனி. ஒரு மேசைக்கரண்டி 15 கிராம் என்றால் அதில் 10 கிராம் சீனி. ஐந்து முறை ருசி பார்த்தால் 50 கிராம். நாளுக்கு 2,000 கலோரி உண்ணும் பெரியவர் ஒருவர் இதற்கு மேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் அதே 50 கிராம்தான். அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. நான் சாப்பாட்டு மேசையில் உட்காரும் முன்பே என் பங்கு முடிந்துவிடுகிறது. இப்போது ருசி பார்க்கத் தேக்கரண்டியின் நுனி மட்டும்தான். கேக்கைச் சமப்படுத்த வெட்டும் துண்டுகளை உடனே டப்பாவில் போட்டு மூடிவிடுவேன்.

பிள்ளைகளின் கணக்கையும் பாருங்கள். 250 கிராம் சீனி போட்ட கேக்கைப் பதினாறு துண்டு போட்டால் ஒரு துண்டில் சுமார் 16 கிராம். மேலே ஒரு கரண்டி கிரீம் இருந்தால் 26 கிராம். நாளுக்கு ஏறக்குறைய 1,200 கலோரி தேவைப்படும் சிறு பிள்ளைக்கு உச்ச அளவு 30 கிராம். ஒரே துண்டில் அந்த நாள் முடிந்துபோகிறது. பிறந்தநாளுக்குச் சாப்பிடட்டும், தவறில்லை. 'சாப்பிட்டு முடித்தால் கேக் தருவேன்' என்று அன்றாடம் பரிசாகக் கொடுக்கும்போதுதான் பழக்கம் ஆகிறது.

சீனியைக் குறைக்க முடியாதா? முடியும். ஆனால் சீனி இனிப்புக்கு மட்டும் அல்ல. வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது, ஈரத்தைக் காப்பது, மேலே பொன்னிறம் தருவது எல்லாம் சீனியின் வேலை. என் அனுபவத்தில் பட்டர் கேக்கில் கால் பங்கைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. பாதியைக் குறைத்தால் கேக் வறண்டு கெட்டியாகிவிடும். அதற்குப் பதில் கிரீமே வேண்டாத பாண்டான் சிஃபோன் கேக்கைச் செய்து கொடுங்கள்.

பிள்ளைகளை எங்கே வைப்பது?

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஒளிக்காமல் சொல்கிறேன். முன்பு என் வீட்டில் திறன்பேசிதான் ஆயா. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைந்தது மூன்று மணி நேரம் ஓடியாடி விளையாட வேண்டும், 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி. என் பிள்ளைகளுக்கு மூன்றுமே தலைகீழாக இருந்தது.

இப்போது கவனம் தேவைப்படும் அலங்கார வேலையை மகன் பாலர் பள்ளியில் இருக்கும்போதும் மகள் மதியம் தூங்கும்போதும் செய்கிறேன். அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் அவர்களுக்கும் வேலை உண்டு. மகன் முட்டையை எண்ணி எடுத்து வைப்பான், மாவு சலிப்பான். மகள் காகிதக் கிண்ணங்களை அடுக்குவாள். நான் முழங்காலை உயர்த்தி நடக்கும்போது இருவரும் பின்னால் அணிவகுத்து வருவார்கள். என் பதினைந்து நிமிடம் அவர்களுக்கும் விளையாட்டு.

சமையலறையில் மூன்று கட்டுப்பாடுகள். முதலாவது, ஓவனைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் பிள்ளைகள் வரக் கூடாது. நான் தரையில் வண்ண ஒட்டுத்தாளால் கோடு போட்டிருக்கிறேன். இரண்டாவது, வேகாத மாவுக் கலவையை நக்கக் கூடாது. பச்சை முட்டையில் மட்டுமல்ல, பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம். மூன்றாவது, முழுப் பருப்பும் முழுத் திராட்சையும் சிறு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் வேண்டாம்.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், நான்கு நாளாக இரவு இரண்டு மணி வரை பிஸ்கட் சுட்டுக் கொண்டிருந்தேன். மறுநாள் காலை தூக்கக் கலக்கத்தில் சூடான தட்டைத் தாழ்ந்த மேசையில் வைத்துவிட்டேன். மகன் கையை வைத்துவிட்டான். பதறிப் போய்ப் பற்பசையைத் தேடி ஓடினேன். பக்கத்து வீட்டு அக்காதான் பிள்ளையைத் தூக்கிக் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்தார். அதுதான் சரி. தீப்புண்ணை ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதையும் தடவக் கூடாது. ஐஸ் கட்டியும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தெய்வாதீனமாக அவனுக்குச் சிறு தழும்போடு போயிற்று. ஆனால் அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நான் ஏற்றுக்கொண்ட கடைசி பத்து டின் ஆர்டர்தான் என் நினைவுக்கு வரும்.

இப்போது தீபாவளி ஆர்டருக்கு ஒரு தேதியும் ஓர் எண்ணிக்கையும் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் வந்தால், தாமானில் கேக் செய்யும் இன்னொரு சகோதரியின் எண்ணைக் கொடுத்துவிடுவேன். அவரும் எனக்கு அனுப்புவார்.

என் இரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஓராண்டில் ஐந்து கிலோ குறைந்தது. சென்ற முறை எடுத்த அளவு வழக்கமான எல்லைக்குள் வந்திருக்கிறது. ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை தவறவிட மாட்டேன். கர்ப்பகால நீரிழிவு இருந்த சகோதரிகள் யாராவது பார்த்துக் கொண்டிருந்தால், பிரசவத்துக்குப் பிந்திய சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால், இந்த வாரமே கிளினிக்குப் போங்கள். 

கேள்வி பதில்

கேள்வி: என் மாமியார், "தோட்டத்தில் இருந்தபோது நாங்கள் என்ன உடற்பயிற்சியா செய்தோம்? வேலைதான் உடற்பயிற்சி" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அவர் சொல்வது சரிதான், அதை ஒப்புக்கொள்ளுங்கள். விடியும் முன்னே எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளியைச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். அந்த வேலையில் நடை இருந்தது, சுமை இருந்தது, ஏற்றம் இருந்தது. நம் வேலையில் என்ன இருக்கிறது? மாவை இயந்திரம் அடிக்கிறது, துணியை இயந்திரம் துவைக்கிறது, நாம் நான்கு அடி இடத்தில் நிற்கிறோம். "அத்தை, நீங்கள் நடந்ததில் பாதி நான் நடக்கப் போகிறேன், அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மறுக்க மாட்டார்.

கேள்வி: வெள்ளைச் சீனிக்குப் பதிலாகக் குலா மலாக்கா அல்லது பழுப்புச் சீனி போட்டால் நீரிழிவுக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. குலா மலாக்காவின் மணமும் சுவையும் தனி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதுவும் சீனிதான். தேனும் அப்படியே. 'நீரிழிவுக்காரர்களுக்கு ஏற்றது' என்று எழுதி விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். அளவைக் குறைத்துச் சிறு துண்டாகச் சாப்பிடச் சொல்வதுதான் நேர்மை.

கேள்வி: வீட்டில் செய்து விற்க அனுமதி ஏதும் தேவையா?

பதில்: தேவை. தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.மில், வணிகத்தைப் பதிய வேண்டும். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவைக் கையாள்பவர்கள் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். 'வீட்டில்தானே செய்கிறோம்' என்று விட்டுவிடாதீர்கள். நாம் செய்வதை அடுத்தவர் வீட்டுக் குழந்தை சாப்பிடுகிறது.

கேள்வி: என் மனைவியும் உங்களைப் போல்தான் வீட்டில் கேக் செய்கிறார். நான் வேலை முடிந்து வரும்போதே இரவு ஏழரை ஆகிவிடும். கணவனாக நான் என்ன செய்ய முடியும்?

பதில்: என் கணவரும் களைத்துத்தான் வருவார். முதலில் "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டுக் கொண்டிருந்தார். நானும் "வேண்டாம், நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று சொல்லிக் கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டால் எந்த மனைவியும் அதைத்தான் சொல்வார். பிறகு நாள்காட்டியில் திங்கள், புதன், வெள்ளி மூன்றையும் வட்டமிட்டு, "எட்டு மணி முதல் எட்டரை வரை பிள்ளைகள் என் பொறுப்பு" என்று எழுதி வைத்தார். அந்த நேரத்தில் என்னைத் தேடிப் பிள்ளைகள் அழுதாலும் அவரே பார்த்துக் கொள்வார். பாத்திரமும் அவரே கழுவுவார். ஐயா, நீங்களும் கேட்க வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் நாள்காட்டியில் எழுதிவிடுங்கள். மனைவியின் காலணியை எடுத்து வாசலில் வையுங்கள்.